பாடியவர்கள் எல்லைக்கு அப்பால்: பின்லாந்து, கரேலிய நாட்டுப்புற இசையும் இன்றைய கலைஞர்களும்

2006 மார்ச்சில் கனடாவின் டொராண்டோ நகரில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இசை நாடகமாக மேடையேறியது. அடுத்த ஆண்டு லண்டனுக்குப் போனது. இசையமைத்தவர்களில் ஏ.ஆர்.ரஹ்மான் ஒருவர் என்பதால் தமிழ்நாட்டிலும் அந்த நாடகம் செய்தியானது. அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ‘வார்ட்டினா’ என்று இன்னொரு பெயர் இருந்தது. பின்லாந்தின் கிழக்கோரத்தில் ராக்கைலா என்ற சிற்றூரில் தொடங்கிய குழு அது. ரஹ்மான் வழியாக அந்தப் பெயரைத் தேடிப்போன தமிழ் ரசிகர்கள் கொஞ்சம் பேர் உண்டு. தேடியவர்கள் கேட்டது, நெருக்கமாகப் பின்னிய பெண் குரல்கள், ஐந்தைந்தாக எண்ண வேண்டிய தாளம், மூச்சு விட இடமில்லாமல் கொட்டும் சொற்கள். ‘பின்லாந்தின் பழம்பெரும் இசை’ என்று இசைத்தட்டு விற்பவர்கள் அதற்கு ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

அந்தச் சீட்டு பாதி உண்மைதான். இந்த இசையின் வேரில் நிற்கும் பாடல்களில் மிகப் பெரும் பகுதியைப் பாடியவர்கள் இன்றைய பின்லாந்தின் எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் அல்லர். ‘பழம்பெரும்’ என்பதும் அப்படியே. தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் கைமாறி வந்த மரபு அல்ல இது. ஏறக்குறைய அறுந்துபோய், ஆவணக்காப்பகத்திலிருந்தும் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்தும் மறுபடி கற்றெடுக்கப்பட்டது. அப்படிக் கற்றெடுத்த விதத்தில்தான் இதன் பெருமை இருக்கிறது என்பது என் கருத்து. இதன் கடனும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நிலப்பரப்பு. கரேலியா ஒரே இடமன்று. வெள்ளைக் கடலை ஒட்டி வியெனா கரேலியா. அதற்குத் தெற்கே அவுனுஸ். லடோகா ஏரியின் வடகரையில் எல்லைக் கரேலியா. ஏரிக்கும் பின்லாந்து வளைகுடாவுக்கும் நடுவே கரேலிய நிலச்சந்தி. அதன் தெற்கே, இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சுற்றி இங்க்ரியா. வியெனாவும் அவுனுசும் எப்போதுமே ரஷ்யாவின் பக்கம்தான். எல்லைக் கரேலியாவும் நிலச்சந்தியும் பின்லாந்தில் இருந்து, இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போனவை. கரேலிய மொழி பின்னிஷ் மொழிக்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் தனி மொழி.

பழைய பாடல்கள் கிழக்கில் மட்டும் தங்கியதற்குச் சமயம் ஒரு காரணம். மேற்கே லூதரன் திருச்சபை இந்தப் பாடல்களைப் பேய் வழிபாட்டின் மிச்சமாகப் பார்த்தது. 1583இல் வெளிவந்த முதல் பின்னிஷ் துதிப்பாடல் நூலின் முன்னுரையிலேயே யாக்கோ பின்னோ இவற்றைக் கண்டித்து எழுதினார். பிறகு சுவீடன் வழியாக வந்த எதுகைப் பாட்டும் ஜோடி நடனங்களும் மேற்கை ஆட்கொண்டன. கிழக்கின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவ்வளவு கெடுபிடி காட்டவில்லை. சாலையும் பள்ளிக்கூடமும் அங்கே தாமதமாகவே எட்டின. 19ஆம் நூற்றாண்டில் பின்லாந்தின் படித்த வகுப்பு தன் நாட்டுக்கு ஒரு காவியம் வேண்டுமென்று தேடியபோது கிழக்கு நோக்கி நடந்தது இதனால்தான்.

நடந்தவர்களில் முதன்மையானவர் எலியாஸ் லொன்ரோட். கயானி ஊரில் அரசு மருத்துவர். 1834இல் லாத்வயார்வி என்ற வியெனா கிராமத்தில் அர்ஹிப்பா பெர்ட்டுனென் என்ற முதிய விவசாயியைச் சந்தித்து, சில நாட்களுக்குள் நாலாயிரம் வரிகளுக்கு மேல் எழுதிக்கொண்டார். 1835இல் ‘கலேவலா’வின் முதல் பதிப்பு, 1849இல் 50 பாடல்களும் 22,795 வரிகளும் கொண்ட விரிந்த பதிப்பு. இடையில், பெரும்பாலும் பெண்கள் பாடிய தனிப்பாடல்களைத் திரட்டி ‘கான்டெலெத்தார்’ என்ற தொகுப்பையும் தந்தார்.

கலேவலா இல்லையென்றால் பின்னிஷ் மொழி இலக்கிய மொழியாக எழுந்திருக்க இன்னும் பல காலம் ஆகியிருக்கும். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்: இசையைத் தேடிப் போகிறவருக்குக் கலேவலா நல்ல வாசல் அல்ல. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் பாடியவற்றை வெட்டி, ஒட்டி, ஒரே கதையாக்கியது லொன்ரோட்டின் கை. மெட்டு அதில் இல்லை. பாடியவர் பெயரும் இல்லை. பிறகு 1908 முதல் 1948 வரை பெருந்தொகுதிகளாக வெளியான ‘பின்லாந்து மக்களின் பழம்பாடல்கள்’ வரிசைதான் ஒவ்வொரு பாடலையும் எந்த ஊரில் யார் பாடியது என்ற குறிப்போடு அச்சிட்டது. இன்றைய பாடகர்கள் புரட்டுவது அந்தத் தொகுதிகளைத்தான்.

பெயர் தெரியும்போது பாட்டின் எடையே மாறிவிடுகிறது. லாரின் பரஸ்கே (1833–1904) இங்க்ரியாவில் பிறந்து, கரேலிய நிலச்சந்தியில் வாழ்க்கைப்பட்டவர். பெற்ற ஒன்பது பிள்ளைகளில் மூவரே பிழைத்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அநாதை இல்லத்துக் குழந்தைகளைக் கூலிக்கு வளர்த்துக் குடும்பம் நடத்தினார். அடோல்ஃப் நியோவியுஸ் என்ற பாதிரியார் 1887 முதல் அவரை உட்காரவைத்து எழுதிக்கொண்டவை ஆயிரக்கணக்கான வரிகள். 1890களின் தொடக்கத்தில் போர்வோ நகரத்தில் இளம் இசையமைப்பாளர் சிபேலியஸ் அவர் பாடக் கேட்டார்; எடெல்ஃபெல்ட், யார்னெஃபெல்ட் போன்ற பெரிய ஓவியர்கள் அவரை வரைந்தார்கள். 1892இல் சிபேலியசின் ‘குல்லெர்வோ’ அரங்கேறி நாடே கொண்டாடியது. பரஸ்கேயோ வறுமையில்தான் இறந்தார்.

ஒரு புகைப்படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1894இல் ஐ.கே.இன்ஹா வியெனாவில் எடுத்தது. இரண்டு ஆண்கள் எதிரெதிரே அமர்ந்து கைகோத்துப் பாடுகிறார்கள். பாட்டு என்றாலே அந்தப் படம்தான் என்று பாடப்புத்தகங்கள் வழியாக மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் இங்க்ரியாவிலும் நிலச்சந்தியிலும் பாடியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தெருவில் வரிசையாக நடந்துகொண்டும், ஊஞ்சலில் ஆடிக்கொண்டும், வேலை செய்துகொண்டும் கூட்டமாகப் பாடினார்கள். இன்று மேடையில் பெண் குரல்கள் நிறைந்திருப்பதை ஏதோ புதுமை என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாட்டின் கட்டமைப்பு எளிது. வரிக்கு எட்டு அசைகள். எதுகை கிடையாது, மோனை உண்டு. ஒரு வரியில் சொன்னதை அடுத்த வரி வேறு சொல்லில் திருப்பிச் சொல்லும். ஒருவர் வரியை எடுப்பார். கடைசி அசைகளில் துணைப்பாடகர் வந்து சேர்ந்து, வரி முழுவதையும் தான் திரும்பப் பாடுவார். அதன் கடைசியில் முதலாமவர் சேர்ந்துகொண்டு அடுத்த வரிக்குத் தாவுவார். குரல் எங்கும் அறுவதில்லை. மெட்டு ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். தாளம் பல பாடல்களில் ஐந்தடி: கடைசி இரண்டு அசைகளை மட்டும் நீட்டுவதால் நாலு ஐந்தாகிறது. முதல் ஐந்து நிமிடம் கேட்பவருக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் தாண்டிவிட்டால் பாட்டு தானாகவே நம்மை இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பொறுமையைக் கொடுக்காதவர்களுக்கு இந்த இசை திறப்பதில்லை.

கருவிகளில் கான்டெலெ முதன்மையானது. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்த சிறு கான்டெலெவுக்கு ஐந்து தந்திகள். மடியிலோ மேசையிலோ வைத்து வாசிப்பார்கள். கரேலியப் பழமுறையில் இரண்டு கைவிரல்களும் ஒன்றுக்கொன்று ஊடே புகுந்து நிற்கும். தந்திக்கு ஒரு விரல் என்று கணக்கு. இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று என்று மாறி மாறி மீட்டும். மீட்டிய தந்தியை அடக்குவதில்லை. அதனால் ஒரு சுரம் ஓயும்முன் அடுத்தது அதன்மேல் ஏறி, ஐந்தே சுரங்களில் ஒரு மணிநாதப் படலம் எழும். என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டால் பாட்டின் பெயரைச் சொல்லாமல், ‘என் வலிமையை வாசிக்கிறேன்’ என்கிற மாதிரிச் சொன்ன முதியவர்கள் இருந்தார்கள். முடிவில்லாமல் தனக்குள் தானே வாசித்துக்கொண்டிருப்பதுதான் அவர்களுக்கு வாசிப்பு. அர்யா கஸ்டினென் இந்த நீண்ட மனோதர்ம முறையை ஆராய்ச்சியாலும் வாசிப்பாலும் மீட்டெடுத்தவர். கச்சேரிக்கென்று 1920களில் பவுல் சல்மினென் வடிவமைத்த, சுருதி மாற்றும் நெம்புகோல் பொருத்திய பெரிய கான்டெலெ வேறு வகை. அது செவ்வியல் மேடைக்கு ஏற்றது. பழைய கருவியின் சுபாவம் அதில் இல்லை.

யோஹிக்கோ இன்னும் அபூர்வமானது. குதிரைவால் மயிரை முறுக்கிய இரண்டு அல்லது மூன்று தந்திகள். அவற்றை வில்லால் தேய்க்க வேண்டும். தந்திகளின் அடியில் விரல்பலகை கிடையாது; பக்கத்தில் கை நுழைய ஒரு துளை. இடக்கையை அதில் விட்டு, விரல்களின் புறப்பக்கத்தால் ஒரு தந்தியைத் தொட்டுச் சுரம் பிடிக்க வேண்டும். மற்றது சுருதியாக இரைந்துகொண்டே இருக்கும். கரகரப்பும் முனகலும் கலந்த ஓசை. அர்மாஸ் ஓட்டோ வைசானென் 1916, 1917 ஆண்டுகளில் எல்லைக் கரேலியாவுக்குப் போய்க் கான்டெலெ, யோஹிக்கோ வாசிப்பைப் பதிவு செய்தார். சுயிஸ்டமோ வட்டாரத்தின் தெப்பனா யானிஸ், இம்பிலஹ்தியின் ஃபியோதோர் பிராட்சு ஆகியோரின் கைவேலை நமக்குக் கிடைத்தது அப்படித்தான். 1928இல் அவற்றை அவர் சுரக்குறிப்போடு அச்சிட்டார். வைசானென் போகாமல் இருந்திருந்தால் இன்று யோஹிக்கோவை மீட்கப் பிடிமானமே இருந்திருக்காது.

மேற்குப் பின்லாந்தின் கதை தனி. சுவீடன் வழியாக வந்த பொல்ஸ்கா நடனமும் வயலினும் கல்யாண வீடுகளில் வேரூன்றின. கவுஸ்டினென் என்ற சுமார் நாலாயிரம் பேர் வாழும் ஊர் இதன் தலைநகர். கோன்ஸ்டா யூல்ஹா (1910–1984) என்ற வயலின்காரரும் அவருடைய குழுவும் 1960களில் நாடறிந்தவர்கள் ஆனார்கள். 1968இல் அங்கே தொடங்கிய நாட்டுப்புற இசை விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. யார்வெலா குடும்பத்தாரின் ‘யே.பே.பே.’ குழு, வயலின்களை வரிசையாக நிறுத்தி, பின்னால் டிமோ அலகொட்டிலாவின் ஆர்மோனியத்தைச் சேர்த்து, கல்யாண இசைக்கு ஒரு புதிய செழுமை தந்தது. மவுனோ யார்வெலா 1980களில் தொடங்கிய ‘நேப்பாரி’ பயிற்சியில் குழந்தைகள் கேள்வி வழியாகவே, கூட்டமாக, வயலின் கற்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ கவுஸ்டினென் வயலின் மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. பின்லாந்தின் நாட்டுப்புற இசையில் அறுபடாத மரபு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இதுதான். கரேலியப் பாட்டை அப்படிச் சொல்ல முடியாது.

திருப்பம் 1983இல் வந்தது. ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாதமியில் நாட்டுப்புற இசைத் துறை தொடங்கியது. தலைமை ஏற்றவர் ஹெய்க்கி லைட்டினென். பல நாடுகளில் இப்படிப்பட்ட துறைகள் மரபைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றன. லைட்டினென் எதிர்த்திசையில் போனார். மாணவர் பழைய ஒலிப்பதிவை ஆசானாகக் கொள்ள வேண்டும். ஒரு முதியவளின் குரலில் உள்ள நடுக்கம், பிசகிய சுருதி, நடுவில் மாறும் சொல் எல்லாவற்றையும் காது வழியே உள்வாங்க வேண்டும். ஒரு கருவி போதாது. பலவற்றைத் தொட்டுப் பழக வேண்டும். இவ்வளவும் முடிந்தபின், அந்த முதியவள் செய்தது போலவே, தானும் சொந்தமாக ஆக்க வேண்டும். ஒரு பாடலை இரு முறை ஒரே மாதிரி பாடாதவர்களின் மரபு இது. அதை அச்சுப்பிசகாமல் நகலெடுப்பது மரபுக்கு எதிரானது என்பது அந்தத் துறையின் அடிப்படைப் பாடமானது. நாற்பது ஆண்டுகளாக இந்தச் சிறு நாட்டிலிருந்து இத்தனை விதமான கலைஞர்கள் வந்துகொண்டிருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வார்ட்டினாவும் அதே 1983இல்தான் பிறந்தது. சாரி, மாரி என்ற கசினென் சகோதரிகளும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்த இளைஞர் குழு. ஆட்கள் படிக்கப் பிரிந்துபோனபின் குழு சுருங்கியது. அகாதமியில் பயின்றவர்கள் வாத்தியங்களோடு வந்து சேர்ந்தார்கள். 1991இன் ‘ஓய் டாய்’ அவர்களை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டின் ‘செலெனிகோ’ உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. ‘இல்மதார்’ (2000) வரும்போது இருட்டும் மந்திரமும் கூடிய ஒலி. 2015இல் ‘வியெனா’. பாடல்களின் ஊருக்கே போய்வந்து செய்த தட்டு அது. என்னைக் கேட்டால் அவர்களுடைய தட்டுகளில் நேர்மையானது இதுதான். அதில் பாடிய கரோலீனா கன்டெலினென், வியெனாவில் மட்டுமே உள்ள ‘யோய்க்கு’ என்ற தனிப்பாட்டு வகையை ஆராய்ந்தவர். (வடக்கே சாமி மக்கள் பாடும் ‘யோய்க்’ வேறு மக்களின் வேறு கலை, இரண்டையும் ஒன்றாகக் கட்டக்கூடாது.)

அதே தலைமுறையில் சுவீடன் குழுவான ‘ஹெட்னிங்கார்னா’வுக்கு சன்னா குர்கி-சுவோனியோ, தெல்லு துர்கா ஆகிய பின்லாந்துப் பாடகிகள் போய் ‘கக்ஸி!’ (1992), ‘த்ரா’ (1994) என்ற இரு ஆவேசமான தட்டுகளைத் தந்தார்கள். ‘லோய்டுமா’ என்ற நால்வர் குழு பாடிய ‘இயேவன் போல்க்கா’வை, 2006இல் இணையத்தில் பரவிய ஒரு சிறு அசைபடம் உலகெங்கும் கொண்டுபோனது. அது பழம்பாடல் அல்ல. 1928இல் எய்னோ கெட்டுனென் எழுதிய சொற்கள். அதே குழுவின் அமைதியான கான்டெலெப் பாடல்களை யாரும் கேட்காமல் போனது வருத்தமே.

அக்கார்டியனில் மரியா கலனியெமி ஒரு திசை, கிம்மோ போஹ்யோனென் மறுதிசை. கலனியெமியிடம் நுணுக்கமும் மென்மையும். போஹ்யோனென் மின்னணுக் கருவிகளோடும் வயல் இயந்திரங்களோடும் மோதுகிறவர். குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவுடன் ‘யூனிகோ’ செய்தவர். யோஹிக்கோவை பெக்கோ கேப்பி மின்சாரத்தோடு இணைத்து ப்ளூஸ், ராக் இசைக்கு இழுத்துப்போனார். அதே கருவியை இல்க்கா ஹெய்னோனென் அறை இசையாக வாசிக்கிறார். இருவருக்கும் வழிவிட்டது, கருவியை ஆராய்ந்தும் செய்தும் தந்த ரவுனோ நியெமினெனின் உழைப்பு.

இளையவர்களில் என்னை மிகவும் கட்டிப்போடுகிறவர் மைய்யா கவுஹானென். குச்சியால் தட்டி வாசிக்கும் சாரியார்வி வகைக் கான்டெலெ, காலடியில் தாளக் கருவிகள், கைக்கெட்டும் தூரத்தில் மணிகள், எல்லாவற்றையும் ஒருவரே இயக்கிக்கொண்டு பாடுகிறார். 2017இன் ‘ரைவோப்யோரா’ தட்டில் பெண்கள் மீதான வன்முறையைப் பாடினார். ‘கான்டெலெத்தார்’ பாடல்களில் மாமியார் வீட்டில் அடிபட்ட பெண்ணின் குரல் நிறைய உண்டு. அந்தக் குரலின் வாரிசு இவர். வில்மா யா, மாடு அழைக்கும் கூவலையும் கிழக்கத்திப் பாட்டு முறையையும் எடுத்துக்கொண்டு, கைய்யா சாரியாஹோவின் ‘இன்னொசென்ஸ்’ ஓபராவில் (2021) இறந்துபோன மாணவியாகப் பாடினார். ஓபராவுக்குப் பழகிய குரல்களுக்கு நடுவே அந்தக் கூவல் வெட்டிக்கொண்டு வரும்போது நாட்டுப்புற இசையின் பலம் பளிச்சென்று தெரிகிறது.

இனிக் கடன். இரண்டாம் உலகப் போரில் அந்த நிலம் கைவிட்டுப் போனபோது நாலு லட்சத்துக்கும் அதிகமானோர் கரேலியாவிலிருந்து பின்லாந்தின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் ஆர்த்தடாக்ஸ் கரேலியர்கள் ‘ரஷ்யர்கள்’ என்று ஏளனம் கேட்டு வளர்ந்தார்கள். பிள்ளைகளிடம் மொழியை நிறுத்தினார்கள், ஒப்பாரியை அடக்கினார்கள். கலேவலாவைப் பாடநூலாக்கிய நாட்டில்தான் இது நடந்தது. 2009இல்தான் பின்லாந்து கரேலிய மொழிக்குச் சிறுபான்மை மொழி என்ற ஏற்பைத் தந்தது. எல்லைக்கு அப்பால் நிலை இன்னும் கடினம். பெத்ரோசவோத்ஸ்க் நகரில் விக்டர் குத்கோவ் 1936இல் நிறுவிய ‘கான்டெலெ’ குழு சோவியத் மேடைப்பாணியில் மரபைத் தாங்கியது. 1990களில் ‘மூல்லாரித்’ போன்ற குழுக்கள் எழுந்தன. ஆனால் கரேலியக் குடியரசில் கரேலிய மொழி இன்றும் ஆட்சிமொழி அல்ல. 2023 இறுதியில் பின்லாந்து தன் கிழக்கு எல்லையை மூடியதிலிருந்து இரு பக்கத்துக் கலைஞர்களும் சந்திப்பது அரிதாகிவிட்டது.

கரேலிய ஒப்பாரியில் இந்தக் கடன் பற்றிய கேள்வி கூர்மையாகிறது. சாவு வீட்டிலும், மணப்பெண் பிறந்தகம் விட்டுப் புறப்படும்போதும் பெண்கள் பாடியது அது. உறவை நேர்ப்பெயரால் சொல்லாமல், மோனை கட்டிய சுற்றுச்சொற்களால் சுட்டுவார்கள். இறந்தோர் உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே வழி திறக்கும் பொறுப்பு அந்தப் பாடகிக்கு. இன்று பின்லாந்தில் ஒப்பாரிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன; மன ஆறுதலுக்காக வருகிறவர்கள் ஏராளம். துக்கத்துக்கு ஒரு வடிகால் கிடைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கரேலிய மொழியின் சுற்றுச்சொற்களை விட்டுவிட்டு அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டால் கலையின் பாதி போய்விடுகிறது. எம்மி குய்ட்டினென் போன்ற பாடகிகள் பழைய ஒப்பாரிகளைப் படித்து, அவற்றின் இலக்கணத்துக்குள் நின்று புதிதாகக் கட்டுகிறார்கள். அதுதான் சரியான பாதை. இழந்த ஊரான சுயிஸ்டமோவைத் தன் ஆய்வுக்கும் அக்கார்டியனுக்கும் களமாக்கிய அன்னே-மாரி கிவிமாகி, ‘சுயிஸ்டமோன் சாஹ்கோ’ குழுவில் அதே ஊரின் இசையை மின்னணு நடன இசையோடு சேர்த்து ஆடவிடுகிறார். கேலியாகத் தோன்றினாலும் ஊர்ப்பெயரை அவர் மறைக்கவில்லை. குழுவின் பெயரிலேயே தாங்குகிறார்.

இந்த இசைக்குள் வர விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை: வார்ட்டினாவில் தொடங்குவதில் தவறில்லை, ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். ‘வியெனா’ தட்டிலிருந்து அர்யா கஸ்டினெனின் தனிக் கான்டெலெவுக்குப் போங்கள். அங்கிருந்து மைய்யா கவுஹானெனுக்கு வாருங்கள். வைசானென் காலத்து மெழுகு உருளைப் பதிவு ஏதாவது கையில் கிடைத்தால், இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஒரு முறையாவது முழுதாகக் கேளுங்கள். தட்டின் உறையில் ‘மரபுப் பாடல்’ என்று மட்டும் போட்டிருந்தால், எந்த ஊர், யார் பாடியது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைக்கும். அந்தப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள்.